கழுத்துப் பவுடரும் கறுப்புப் படமும்

என் மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம் தொங்குகிறது. படம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது முழுக் கறுப்பு. வலது ஓரத்தில் அளவு காட்டும் ஒரு சின்ன வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். வேதியியல் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு எதுவும் கேட்காமல் போய்விடுவார்கள். கையெழுத்து வாங்க வந்த அலுவலக உதவியாளர் ஒருமுறை, "சார், உள்ள இருந்த படம் விழுந்துருச்சா? வெறும் சட்டத்த மாட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து தேடவும் செய்தார். ஒருமுறை துறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போன என் மனைவி, அதை அமாவாசைப் படம் என்று உறவினர்களிடம் சொல்லிவருகிறாள். உண்மையில் அது உயிருள்ள செல்களின் படம். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. அந்த ஒன்றுமில்லாததைப் பெற ஒரு பெண் பட்ட பாட்டையும், அதை நான் ஏறக்குறைய குழி தோண்டிப் புதைத்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

அவரை நான் 'சீனியர்' என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, அவருக்கு இருபத்தெட்டு. இலுப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, புதுக்கோட்டை டவுனில் இன்னொரு கல்லூரியின் ஆய்வகத்தில் பகுதிநேர ஆராய்ச்சியாளனாக நான் பதிவு செய்தபோது, அவர் அங்கே மூன்று வருடம் முடித்திருந்தார். ஆய்வகத்தில் தலை நரைத்ததற்கு மரியாதை கிடையாது. பதிவு செய்த வருடத்துக்குத்தான். முதல் நாளே, "சீனியர், நான் எங்க உக்காரணும்?" என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க எங்க வேணும்னாலும் உக்காருங்கண்ணே, அந்த ஸ்டூல் மட்டும் வேணாம், கால் ஒடஞ்சிருக்கு" என்றார். அதற்குள் நான் அதில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அறிமுகம் தரையில் நடந்தது.

சீனியரின் ஊர் கோட்டைப்பட்டினம். அவருடைய அத்தா படகு என்ஜின் பழுதுபார்ப்பவர். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஒடம்புக்குள்ள வெளக்குப் போடுற மருந்து கண்டுபிடிக்குது" என்று சொல்வாராம். அதைவிடச் சரியாக எங்கள் பேராசிரியரே சொன்னதில்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் துத்தநாகம், அதாவது ஜிங்க், துளித்துளியாக இருக்கிறது. குறைந்தாலும் கோளாறு, கூடினாலும் கோளாறு. அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். கொன்றுவிட்டுப் பார்த்தால் அது பிரேதப் பரிசோதனை. இதற்காக ஒரு மூலக்கூறைச் செய்வார்கள். அது தனியாக இருக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கும் வேலையில்லாத ஆளைப் போல, வாங்கிய ஒளியையெல்லாம் ஆட்டத்திலேயே வீணாக்கிவிடும். துத்தநாகம் வந்து மடியில் உட்கார்ந்ததும் காலாட்டம் நின்றுபோகும். அப்போது வாங்கிய ஒளி பச்சையாகத் திரும்பி வெளியே வரும். காலாட்டுவதை நிறுத்தினால் மனிதன் பிரகாசிப்பான் என்று என் அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. வேதியியல் நம்ப வைத்தது.

அப்படி ஒரு மூலக்கூறைச் செய்து, அது துத்தநாகத்துக்கு மட்டும்தான் ஒளிரும், கால்சியத்துக்கோ இரும்புக்கோ அசையாது என்று காட்ட சீனியருக்கு ஐந்து வருடம் ஆயிற்று. சோதனைக் குழாயில் எல்லாம் சரி. ஆனால் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்தவர்கள், உயிருள்ள செல்லுக்குள் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டார்கள். செல் வளர்க்கிற வசதியும் அதற்கான நுண்ணோக்கியும் எங்களிடம் இல்லை. திருச்சியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. எழுதிக் காத்திருந்து, இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு நாள் கிடைத்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவருக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பில் மூன்று வாரம்தான் பாக்கி. படம் வந்தால் பட்டம். வராவிட்டால் ஐந்து வருடமும் கடலில் கரைத்த உப்பு.

துணைக்கு நான் போனேன். துணைக்கு என்று சொன்னால் மரியாதையாக இருக்கிறது. உண்மையில் ஐஸ் பெட்டி தூக்கப் போனேன். பங்குனி மாதம். சீனியருக்கு நோன்பு. எனக்கு வேர்க்குரு. கழுத்தைச் சுற்றி, முதுகில், முழங்கை மடிப்பில், விரல் இடுக்கில் எல்லாம் கம்பங்கதிர் முளைத்த மாதிரி. அந்த ஒரு மாதம் நான் பவுடர் டப்பா இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. சட்டைக் காலருக்கு மேலே எப்போதும் வெள்ளை வெளேரென்று ஒரு வளையம் இருக்கும். "அண்ணே, ஒங்களப் பாத்தா சப்பாத்திக்கு மாவு தேச்ச மாதிரி இருக்கு" என்று சீனியர் சொல்வார்.

புறப்படும் அன்று காலை அவர் மூலக்கூறைத் துல்லியமாக எடை போட்டுக்கொண்டிருந்தார். செல்களைக் கழுவுவதற்கும் மருந்தைக் கரைப்பதற்கும் வேண்டிய உப்புக்கரைசலை, நாங்கள் பஃபர் என்று சொல்வதை, என்னைத் தயாரிக்கச் சொன்னார். கையுறை மீடியம் சைஸ்தான் இருந்தது. என் கை மீடியம் இல்லை. வியர்வையில் விரல் உள்ளே போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் கேடு விளைவித்த எல்லாமே யோசனையாக வந்தவைதான். இரண்டு கையிலும் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். கையுறை வழுக்கிக்கொண்டு ஏறியது. நடுவில் போன் வந்தது. கழற்றினேன், பேசினேன், மறுபடி கொட்டினேன், மறுபடி மாட்டினேன். கரைசலைச் சுழற்றிக் கலக்குவதற்காகப் பாத்திரத்துக்குள் போட்டிருந்த காந்தத் துண்டு ஓரத்தில் சிக்கிக்கொள்ள, அதை அதே விரலால் எடுத்துச் சரிசெய்தேன். பஃபர் பளிங்கு மாதிரி வந்திருந்தது. அதற்கு நானே எனக்கு ஒரு பாராட்டும் சொல்லிக்கொண்டேன்.

திருச்சியில் மூன்று தட்டுகள். முதல் தட்டில் செல்லும் மூலக்கூறும் மட்டும். செல்லில் இயல்பாக இருக்கும் துத்தநாகம் பெரும்பாலும் புரதங்களோடு கட்டுண்டு கிடக்கும், மூலக்கூறுக்கு அகப்படாது; அதனால் அது இருட்டாக இருக்க வேண்டும். இரண்டாவதில் துத்தநாகமும் சேர்த்து. அது ஒளிர வேண்டும். மூன்றாவதில் சேர்த்த துத்தநாகத்தைத் திரும்பப் பிடுங்கிவிடும் ஒரு மருந்து. மறுபடி இருட்டு வர வேண்டும். நுண்ணோக்கியை இயக்குபவர் நல்ல மனிதர், மெதுவாகப் பேசுபவர். முதல் தட்டை வைத்தார். திரை முழுக்கப் பச்சை. நான் கைதட்டினேன். ஆம், தட்டினேன். ஒளிர்ந்தால் வெற்றி என்று என் மண்டைக்குள் பதிந்திருந்தது. கைதட்டிக்கொண்டே சீனியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது பிளாங்க் அண்ணே" என்றார். என் கைகள் பாதியில் நின்றன. துத்தநாகமே போடாத தட்டு அது. இரண்டாவதும் பச்சை, மூன்றாவதும் மங்கலாகப் பச்சை. எல்லாம் ஒளிர்ந்தால் எதுவும் ஒளிரவில்லை என்றுதான் பொருள். கண்டவனுக்கெல்லாம் தலையாட்டும் சாட்சியை எந்தக் கோர்ட்டும் நம்பாது.

இயக்குபவருக்கு எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "எக்ஸ்போஷரக் கொறச்சு எடுத்தா மொதத் தட்டு கறுப்பாத்தான்மா வரும். நெறையப் பேரு அப்படித்தான் செய்றாங்க" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் உடனே தலையை ஆட்டினேன். எனக்கு அது தெய்வவாக்காகப் பட்டது.  சீனியர், "கண்ண மூடிக்கிட்டா வெளிச்சம் போயிருமா சார்?" என்றார். மூன்று படத்தையும் ஒரே அளவில் எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பேருந்தில் மூன்று பேர் இருக்கை. ஜன்னலோரம் அவர், இந்த ஓரம் நான், நடுவில் ஐஸ் பெட்டி, சம்பந்தம் பேச வந்த பெரியவர் மாதிரி. "மாலிக்யூல் செல்லுக்குள்ள போனா வேற எதையோ புடிச்சுக்கிருது அண்ணே. நாளைக்கி நம்ம புரொபசர் சார்ட்ட சொல்லிர்றேன், இது தேறாதுன்னு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சார்ட்ட சொல்லிரலாம். அத்தாட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, நகைச்சுவைதான் வரும். அன்று அதுவும் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பையைத் துழாவினேன். கழுத்து அரித்தது. பவுடர் டப்பாவை எடுத்தேன். அப்போதும் அவரைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தேன். பத்து வருடமாகக் கொட்டிக்கொள்கிற பவுடரில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் படிக்கிறேன், அதுவும் வேதியியல் வாத்தியார். இரண்டாவது பெயர் ஜிங்க் ஆக்சைடு.

அடுத்த பத்து நிமிடம் எனக்குள் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். முதலில், டப்பாவை ஜன்னல் வழியாக வீசிவிடலாம் என்று நினைத்தேன். ஜன்னல் அவர் பக்கம் இருந்தது. பஃபருக்கு ஊற்றிய வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், சரியில்லை என்று பழியைத் திருப்பலாமா என்று பார்த்தேன். வடிநீர் அவர் இறக்கியது, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கீரனூரில் இறங்கி, யாரும் தேடாத ஊருக்குப் போய் இட்லிக்கடை வைத்துவிடலாம் என்றுகூட ஒரு திட்டம் இருந்தது. மெனு வரை போய்விட்டேன். இதற்கிடையே பேருந்து ஒரு பள்ளத்தில் குலுங்கியதில் டப்பாவின் மூடி கழன்று, என் கறுப்புக் கால்சட்டை முழுக்க வெள்ளையாகக் கொட்டியது. குற்றவாளியைத் தடயமே கட்டிப்பிடித்துக்கொண்ட மாதிரி.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. அவர் போனில் மெல்லப் பாங்கு ஒலித்தது. வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, எப்போதும் செய்வதைப் போல, எனக்கு மூன்று பழம் எடுத்து நீட்டினார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர், வழிநெடுக வடையும் மோரும் முடித்திருந்த எனக்கு நீட்டுகிறார். பழங்களைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தேன்.

"சீனியர், ஒண்ணு சொல்லணும்."

"ஜோக்குன்னா இப்ப வேணாம்ணே."

"ஜோக்கா இருந்தா நல்லாருக்கும்" என்று டப்பாவைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். என் கால்சட்டையைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். திருக்கோகர்ணம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஐந்து கிலோமீட்டரை நான் பார்த்ததில்லை. பிறகு கேட்டார், திட்டுகிற குரலில் அல்ல, குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிற குரலில்: "கிளவுஸ் போடுறதுக்கு முன்னாடி போட்டீங்களா, பின்னாடியா?"

"முன்னாடியும்தான்" என்றேன். "பின்னாடியும்தான்."

டப்பாவைத் தன் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் பேருந்து நிலையத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு நின்றேன்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு முன்னதாகவே போனேன். மன்னிப்புக் கேட்க நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் எனக்கும் முன்னதாக வந்து நான்கு சிறு குப்பிகளை வரிசையாக வைத்திருந்தார். அவர் புதிதாகத் தயாரித்த பஃபர், நேற்றைய என் பஃபர், அவர் பஃபரில் ஒரு சிட்டிகை பவுடர், வெறும் வடிநீர். நான்கிலும் மூலக்கூறை ஒவ்வொரு சொட்டு விட்டு, விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கைப் பிடித்தார். முதலும் நான்காவதும் இருட்டு. இரண்டும் மூன்றும் பச்சைப் பசேலென்று எரிந்தன. பிறகு என்ன நினைத்தாரோ, ஈரப் பஞ்சை என் கழுத்தில் துடைக்கச் சொல்லி வாங்கி, அதிலும் ஒரு சொட்டு விட்டார். பஞ்சு எரிந்தது. கால் ஒடிந்த அந்த ஸ்டூலின் மேலேயே, ஒடிந்தது என்ற நினைவில்லாமல், மெல்ல உட்கார்ந்தார். அது அவரைக் கீழே தள்ளவில்லை. ஸ்டூலுக்கும் ஆள் தெரியும்.

"ராத்திரி பூரா மாலிக்யூல்ல தப்புத் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். "தப்பு அண்ணன் கழுத்துல இருந்திருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாகி, அழுகை நடுவிலேயே மறுபடி சிரிப்பானது. "தேறிருச்சுண்ணே, மாலிக்யூல் தேறிருச்சு. யாரும் சொல்லாமலே ஒங்க பவுடரக் கண்டுபுடிச்சிருச்சுல்ல?" ஐந்து வருடப் பிழைப்பைத் தூளாக்கியவனை ஒருவர் இப்படிப் பார்க்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. நான்கு மன்னிப்பில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஆனால் திருச்சியில் அடுத்த நாள் கிடைக்க மறுபடி இரண்டு மாதம். இருப்பது மூன்று வாரம். அது என் வேலை என்று சொல்லி நான் போனை எடுத்தேன். நுண்ணோக்கி இயக்குபவரிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. வேர்க்குருவிலிருந்து தொடங்கி, கையுறை, காந்தத் துண்டு, கால்சட்டை என்று ஒன்று விடாமல் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், மூச்சு வாங்க. "சார், முன்னாடியே சொல்லிருந்தா ஒங்க கழுத்தையே மைக்ராஸ்கோப்புல வச்சிருப்பனே" என்றார். பிறகு, "சனிக்கிழம மதியம் நான் சாப்பாட்டுக்குப் போற ஒரு மணி நேரம் மிஷின் சும்மாத்தான் கெடக்கும். சாப்பாட்டத் தள்ளிப் போட்டுக்கிர்றேன், வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை நான் ஆய்வகத்தின் வாசலிலேயே நின்றேன். உள்ளே எதையும் தொடக்கூடாது என்று எனக்கு நானே தடை போட்டிருந்தேன். சீனியர் கையுறைப் பெட்டியை நீட்டினார். "பஃபர நீங்களே போடுங்கண்ணே."

"ஒங்களுக்கென்ன பைத்தியமா சீனியர்?"

"அதே ஆளு, அதே பாட்டில், அதே கிளவுஸ். பவுடர் மட்டும் இருக்கக் கூடாது. நானே போட்டேன்னா, தப்பு பவுடர்லயா ஒங்க கையிலயான்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு நேரத்துல ஒண்ணத்தத்தான் மாத்தணும்" என்றார். பெட்டியை என் கையில் வைத்து, "ஒங்களுக்கும் தெரியணும்ல" என்றார்.

முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பவுடர் இல்லாமல் கையுறை ஏற மறுத்தது, இரண்டு கிழிந்தன, மூன்றாவது, என் விரல்களைப் பிதுக்கிய கத்திரிக்காய்களாக்கிவிட்டு ஒப்புக்கொண்டது. கழுத்து தீயாக அரித்தது. "சொறியக் கூடாது" என்றார் பின்னாலிருந்து. அன்று நானும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அது பக்தி இல்லை, பயம். ஆனால் வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

திருச்சியில் முதல் தட்டை வைத்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.  "ஃபோகஸ் ஆகலையோ" என்றார் இயக்குபவர். சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றினார். செல்கள் இருந்தன, உயிரோடு, தட்டில் ஒட்டிக்கொண்டு. மறுபடி மாற்றினார். கறுப்பு. நான் திரும்பிப் பார்த்தபோது திரையில் ஒன்றுமே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சீனியர், மிக மெதுவாக. இரண்டாவது தட்டில் செல்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக எழுந்தன. "எங்க ஊர்க் கரையில நின்னு பாத்தா வள்ளத்து வெளக்கு இப்படித்தான் தெரியும்" என்றார். மூன்றாவதில் அந்த விளக்குகள் அணைந்தன. இந்த முறை கைதட்டலாமா என்று அவரைக் கேட்டுவிட்டுத் தட்டினேன்.

ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் செய்முறைப் பகுதியில் ஒரு வரி இருந்தது: கரைசல்கள் அனைத்தும் உடற்பவுடர் படாத கைகளால் தயாரிக்கப்பட்டன. வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, இப்படி ஒரு வாக்கியத்தை நான் எங்கும் பார்த்ததில்லையே, ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். கடைசி வரிசையில் நான் இருக்கைக்கு அடியில் இறங்கத் தயாரானேன். சீனியர் என் பக்கம் ஒரு கணம் பார்த்தார். பேராசிரியர்கள், மாணவர்கள், முன்வரிசையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய அத்தா எல்லாரும் காத்திருந்தார்கள். "எங்க ஊரு வெயில் அப்படி சார்" என்றார்.  தேர்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உண்மைதான் என்றார்.

இப்போது அவர் வளைகுடாவில் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். போகும்போது இரண்டு படங்களைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். பச்சையாக எரிவதை அத்தாவுக்குக் கொடுத்தார். அது கோட்டைப்பட்டினத்தில் என்ஜின் பட்டறைச் சுவரில் இருக்கிறது. கறுப்பை என்னிடம் நீட்டி, "இது நீங்க போட்ட பஃபர்ணே" என்றார். நான் இன்னும் பகுதிநேர ஆராய்ச்சியாளன்தான். பகுதிநேரம் என்பது முழு ஆயுளையும் குறிக்கும் என்பதைக் கண்டறிந்ததே என் பங்களிப்பு. ஆய்வகத்தில் இப்போது பெரிய சைஸ் கையுறை வந்துவிட்டது. பளிச்சென்று ஒளிரும் படத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடிவந்தால், கைதட்டுவதற்கு முன் "கறுப்பு எங்க?" என்று கேட்கிறேன்.

கறுப்புப் படத்துக்குக் கண்ணாடி போட்டால் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும் என்பது எனக்கு மாட்டிய பிறகுதான் தெரிந்தது. பங்குனி வந்துவிட்டது. ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன் தினமும் அதன் முன்னால் நின்று, காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், அரிப்பு உயிரை எடுக்கிறது. வெள்ளை மட்டும் இல்லை.